பிரஸ்ஸைத் திட்டும் முன்: முதல் ரீலோடிங் பிரஸ்ஸுக்கு அறிகுறி பார்த்து வைத்தியம்

சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் ஒரு செம்பனை மில்லில் ஃபிட்டராகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன் நான். எண்ணெய் குறைகிறது என்று மேனேஜர் கத்தினால் எல்லோர் விரலும் ஸ்க்ரூ பிரஸ்ஸைத்தான் காட்டும். பாதி நேரம் குற்றம் பிரஸ்ஸில் இருக்காது. அதற்கு மேலே இருக்கும், பழத்தைக் கூழாக்கும் டைஜஸ்டரில் சூடு 90 டிகிரிக்குக் கீழே இறங்கியிருக்கும். ஆறிப்போன கூழை எந்தப் பிரஸ்ஸில் போட்டுப் பிழிந்தாலும் எண்ணெய் நாரோடு வெளியே போகத்தான் செய்யும்.

மகளின் பேறுகாலத்துக்காக நானும் வீட்டுக்காரியும் மூன்று மாதம் ஹியூஸ்டனில் இருந்தோம். மருமகன் அங்கே எண்ணெய்க் கம்பெனியில் இன்ஜினியர். வார இறுதியில் ரேஞ்சுக்குப் போய்த் துப்பாக்கி சுடுவார். புதுத் தோட்டா வாங்கிக் கட்டுப்படியாகவில்லை என்று, சுட்ட உறைகளிலேயே மறுபடி தோட்டா செய்யும் பிரஸ் ஒன்று வாங்கி கராஜில் மாட்டியிருந்தார். போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள், "மாமா, தப்பான பிரஸ்ஸை வாங்கிட்டேன்னு நினைக்கிறேன், கொஞ்சம் பாருங்களேன்" என்றார். பார்த்தேன். மில்லில் பார்த்த அதே கதை. அவர் சொன்ன ஏழெட்டுக் குறைகளில் பிரஸ்ஸை உண்மையாகவே மாற்ற வேண்டிய குறை ஒன்றே ஒன்றுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது நம் ஊரில் செய்கிற வேலை இல்லை. மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கிறது, 1971இல் தண்டனையைக் கூட்டிய சட்டமும் இருக்கிறது. உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருப்பதே பெரிய குற்றம் என்றால், செய்வதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதிலும் எங்கள் ஊர் ஆட்களுக்கு இது தெரியாமல் இருக்காது. 1948 ஜூன் 16 காலையில் எல்ஃபில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்ட பிறகுதான் அவசரகாலமே வந்தது. அனுமதியில்லாத துப்பாக்கிக்குத் தூக்கு என்ற காலம் அது. என் அப்பா 'தோட்டா' என்ற சொல்லைக்கூடக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குச் செய்துகொள்ள மத்திய அரசு உரிமம் கேட்பதில்லை, விற்பதற்குச் செய்தால் உரிமம் வேண்டும். நான் எழுதுவது அங்கே சட்டப்படி இதைச் செய்யும் நம் பிள்ளைகளுக்கு.

வேலை இதுதான்: சுட்டபின் மிஞ்சும் பித்தளை உறை கொஞ்சம் உப்பியிருக்கும். பழைய பிரைமரை (உறையின் அடியில் இருக்கும், அடிபட்டால் பொறி தரும் சின்ன மூடி) தட்டி வெளியேற்றி, உறையைப் பழைய அளவுக்கு நெருக்கி, புதுப் பிரைமரை அழுத்தி, அளந்த வெடிமருந்தைக் கொட்டி, குண்டை மேலே வைத்து இறுக்க வேண்டும். பிரஸ்ஸில் மூன்று வகை. ஒற்றை நிலைப் பிரஸ்ஸில் ஒரு நேரத்தில் ஒரு டை (உறையை நெருக்கவோ குண்டை இறுக்கவோ உதவும் எஃகு அச்சு), ஒரு வேலை. டரெட்டில் நான்கைந்து டைகள் மேலே ஒரு வட்டத் தலையில் உட்கார்ந்திருக்கும், தலையைத் திருப்பித் திருப்பி வேலை செய்யலாம். புரோகிரசிவ் வகையில் கீழே தட்டு சுழலும். எல்லா நிலையிலும் உறை நிறைந்துவிட்டால், கைப்பிடியை ஒரு தடவை இழுத்தால் ஒரு தோட்டா தயார்.

அறிகுறி: கைப்பிடியை இழுத்தால் மேசை எழுந்து நிற்கிறது

மருமகன் காட்டிய முதல் குறை இது. "பிரஸ் லேசா இருக்கு மாமா, கனமானதா மாத்தணும்." மேசையில் ஒரு கிளாஸ் தண்ணீரை வைத்து இழுக்கச் சொன்னேன். தண்ணீர் சிந்தியது. பிரஸ்ஸைக் கையால் பிடித்துப் பார்த்தால் அசைவே இல்லை, அசைவதெல்லாம் மேசைதான். மடக்குக் கால் வைத்த பிளாஸ்டிக் மேசை. அதன்மேல் இரும்பையே உருக்கி வார்த்தாலும் ஆடும்.

பிரஸ்ஸை மேசையின் நடுவில் மாட்டாமல் கால் இருக்கும் மூலைக்குக் கொண்டுபோங்கள். மர ஸ்க்ரூ போடாதீர்கள். முழுக்கத் துளைத்து, அடியில் அகலமான வாஷர் கொடுத்து போல்ட் நட் போடுங்கள். பலகை மெலிதாக இருந்தால் மேலும் கீழும் இரண்டு துண்டுப் பலகை கொடுத்து நடுவே கவ்வ வையுங்கள். மேசையின் பின்பக்கத்தைச் சுவரின் மரச்சட்டத்தோடு இணைத்துவிட்டால் இன்னும் நல்லது. நாங்கள் ஒரு சனிக்கிழமை முழுக்க அதைத்தான் செய்தோம். ஞாயிற்றுக்கிழமை அதே 'லேசான' பிரஸ் பாறை மாதிரி நின்றது.

அறிகுறி: உறையை நெருக்கிய பிறகும், துப்பாக்கிக்குள் தோட்டா உட்காரும் அறையில் அது முழுக்க இறங்கவில்லை

இங்கே பிரஸ்ஸுக்கும் கொஞ்சம் பங்கு இருக்கிறது. உறை இல்லாமல் ராமை (கைப்பிடியை இழுத்தால் மேலே ஏறும் தண்டு) மேலே ஏற்றி, அதன் தலையில் உறையின் அடியைப் பிடித்துக்கொள்ளும் ஷெல் ஹோல்டரைத் தொடும்வரை டையை இறக்குவோம். தொட்டுவிட்டது, இடைவெளி இல்லை என்று நினைப்போம். உறையை வைத்து அழுத்தும்போது டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். டைக்கும் ஹோல்டருக்கும் நடுவே மயிரிழை போல வெளிச்சம் தெரிந்தால், பாரம் வந்ததும் பிரஸ் சட்டம் வாய் திறக்கிறது என்று அர்த்தம். உறையின் அடிப்பக்கம் அந்த மயிரிழை அளவுக்கு நெருங்காமல் தப்பிவிடும்.

ஒரு பக்கம் திறந்த 'சி' வடிவச் சட்டத்தில் இது அதிகம். நான்கு பக்கமும் மூடிய 'ஓ' வடிவத்தில் குறைவு, அதுவும் வார்ப்பிரும்பாக இருந்தால் இன்னும் குறைவு. ஆர்சிபிஎஸ் ராக் சக்கர் போன்ற பிரஸ்கள் இத்தனை வருடமாகப் பேசப்படுவதற்குக் காரணம் அந்த மூடிய இரும்புச் சட்டம்தான். (ஆர்சிபிஎஸ் 1943இல் கலிஃபோர்னியாவின் ஓரோவில்லில் தொடங்கியது. பெயரில் இருக்கும் ராக் சக் என்பது அங்கே மலைப்பக்கம் இருக்கும் ஒரு பெரிய அணில் இன விலங்கு. அதைச் சுட்டவர்களுக்குக் குண்டு செய்ய வந்த கருவியிலிருந்து பிறந்த பெயராம்.)

ஆனால் வெளிச்சம் தெரிந்ததும் பிரஸ்ஸை விற்க ஓடாதீர்கள். டையை எட்டில் ஒரு சுற்று கூடுதலாக இறக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே வெளிச்சம் அடைபட்டுவிடும். டைக்குள் கார்பைட் வளையம் இருந்தால் மட்டும் உறை இல்லாமல் ஹோல்டரை அதில் முட்ட விடாதீர்கள். கார்பைட் கடினமானது, அதே அளவுக்கு நொறுங்கக்கூடியது. வளையம் விரிசல் விட்டால் டை போச்சு. ஒன்று இரண்டு கைத்துப்பாக்கி அளவுகள் மட்டும் செய்கிறவருக்கு 'சி' சட்டம் தாராளமாகப் போதும். பெரிய ரைபிள் உறையை நெருக்குகிறவர்தான் 'ஓ' சட்டத்துக்குப் பணம் போட வேண்டும்.

அறிகுறி: உறை டைக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது, கைப்பிடி திரும்ப மேலே வரவில்லை

பிரஸ்ஸுக்குச் சம்பந்தமே இல்லாத நோய். ரைபிள் உறைக்குக் கழுத்து உண்டு, தோள் உண்டு. எண்ணெய்ப் பசை இல்லாமல் அதை எஃகு டைக்குள் திணித்தால் பித்தளை கடித்துக்கொள்ளும். கோபத்தில் கைப்பிடியை முழு பலத்தோடு மேலே தூக்கினால் ஷெல் ஹோல்டர் உறையின் விளிம்பைக் கிழித்துக்கொண்டு கீழே வந்துவிடும். உறை மட்டும் உள்ளேயே இருக்கும். மருமகனுக்கு இதுதான் ஆனது. அவர் சுத்தியலைத் தேடும்போது நான் கராஜுக்குள் வந்தேன், நல்ல வேளை.

டையை பிரஸ்ஸிலிருந்து கழற்றி வைஸில் பிடியுங்கள். முதலில் மேலே இருக்கும் பிரைமர் தட்டும் ஊசித்தண்டைத் தளர்த்தி முடிந்தவரை மேலே இழுத்துவிடுங்கள். அதை விட்டுவிட்டுத் துளை போட்டால் ஊசியும் போய்விடும். உறையில் உயிருள்ள பிரைமர் இல்லை என்பதைக் கண்ணால் பாருங்கள். பிறகு பிரைமர் குழியின் நடுவில் துளை போட்டு, கால் அங்குல டாப்பால் மரை வெட்டி, அதற்கென்றே விற்கும் கழற்றும் கருவியின் போல்டை இறக்கித் திருகினால் உறை மெல்ல மெல்ல வெளியே வரும். பேரிங் புல்லர் பிடித்த கைக்கு இது புதிதில்லை. வெளியே வரும்போது சின்னதாக ஒரு 'டக்' கேட்கும். அந்தச் சத்தம் கேட்டதும் மருமகன் முகத்தில் வந்த நிம்மதி, பேத்தி பிறந்த அன்று வந்ததற்குக் கொஞ்சம்தான் குறைவு.

இனிமேல்: ஒவ்வொரு ரைபிள் உறையிலும் லூப் (அந்த எண்ணெய்ப் பசை) தடவுங்கள், மெலிதாக. தாராளமாக அப்பினால் தோளில் தேங்கிச் சப்பையாகக் குழி விழும். குழி விழுந்தால் அதிகம், இழுக்கக் கனத்தால் குறைவு. நெருக்கும்போது நடுவில் கனம் தெரிந்தால் அங்கேயே நிறுத்தித் திரும்ப இறக்கிவிடுங்கள். நேரான கைத்துப்பாக்கி உறைகளுக்கு கார்பைட் டை வாங்கினால் லூப் இல்லாமலே ஓடும். முதல் தடவை வாங்குகிறவர் பிரஸ்ஸில் காசை மிச்சம் பிடித்து டையில் போட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

அறிகுறி: பிரைமர் துருத்திக்கொண்டு நிற்கிறது

பிரைமர் உறையின் அடித்தளத்துக்குச் சற்று உள்ளே அமர வேண்டும். தட்டையான கண்ணாடித் துண்டின்மேல் உறையை நிறுத்தி விரலால் தொட்டுப் பாருங்கள். ஆடினால் பிரைமர் உயர்ந்திருக்கிறது.

காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். குழிக்குள் பழைய கரி அடைந்திருக்கலாம், சுரண்டுங்கள். இராணுவ உறையாக இருக்கலாம். அதில் பழைய பிரைமரைச் சுற்றிக் குழியின் விளிம்பை அமுக்கி வைத்திருப்பார்கள், அந்த விளிம்பை நீக்காமல் புதியது சரியாக இறங்காது. மூன்றாவது, பிரஸ்ஸின் நீளக் கைப்பிடி. அதில் இழுக்கும்போது பிரைமர் அடியைத் தொட்டதா இல்லையா என்று கைக்குத் தெரியாது. கையடக்கமான பிரைமர் கருவி ஒன்று தனியாக வாங்கிக்கொண்டால் கட்டைவிரலுக்கு அது தெரியும். பிரஸ்ஸை மாற்றத் தேவையில்லை. இறங்கவில்லை என்று பலம் போடாதீர்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் பிரைமர் பக்கமே போகாதீர்கள். குண்டு ஏற்றி முடித்த தோட்டாவில் துருத்திக்கொண்டிருக்கும் பிரைமரைத் திரும்ப அழுத்திச் சரிசெய்யும் எண்ணம் அறவே வேண்டாம்.

பழைய பிரைமர் எங்கே விழுகிறது என்பதை மட்டும் வாங்கும்போதே பாருங்கள். சில பிரஸ்ஸில் அது ராமின் உள்ளேயே இறங்கிக் குழாய் வழியாகப் புட்டியில் சேரும். சிலதில் பக்கத்தில் ஒரு தட்டில் விழும், அதாவது பாதி தட்டில், பாதி தரையில். கூடவே கரியும் ராமில் படிந்து உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். தேய்மானத்தைவிட எனக்குப் பெரிய கவலை, அந்தக் கரியில் ஈயம் இருப்பது. கராஜ் கதவு தாண்டி இருபது அடியில் பச்சைக்குழந்தை தூங்குகிறது. வேலை முடிந்ததும் கையை சோப் போட்டுக் கழுவி, சட்டையை மாற்றிவிட்டுத்தான் பேத்தியைத் தூக்கலாம் என்று மருமகனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். கராஜில் தேத்தண்ணியும் கிடையாது. மாமனார் ஆணை.

அறிகுறி: முடிந்த தோட்டாக்களின் நீளம் ஒன்றுபோல இல்லை

கேலிப்பரை எடுத்து அளந்தால் அங்குலத்தில் ஆயிரத்தில் சில பாகம் கூடவோ குறையவோ இருக்கும். குண்டுகளின் முனையே சீராக இருக்காது என்பதால் முனைவரை அளப்பது பாதி பொய். டரெட்டில் தலை கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும், அது அந்த வகையின் சுபாவம். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு தூக்கினால் கெடுதல் இல்லை. கைப்பிடியை ஒவ்வொரு தடவையும் முழுக்க, ஒரே வேகத்தில் இறக்குங்கள். டையின் லாக் நட் தளர்ந்திருக்கிறதா பாருங்கள். மருமகனுக்கு லாக் நட்தான்.

அறிகுறி: 'டுப்' என்று சத்தம் மட்டும், அல்லது உதை வழக்கத்தைவிடக் குறைவு

மற்றதெல்லாம் எரிச்சல். இது ஆபத்து.

அடுத்த தோட்டாவைச் சுடாதீர்கள். குழலைப் பாதுகாப்பான பக்கமே வைத்துக் கொஞ்சம் பொறுங்கள். பிறகு முழுக்கக் காலி செய்து, துப்பாக்கியைப் பிரித்து, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். உறையில் மருந்து விழாமல் போயிருந்தால் பிரைமர் மட்டுமே குண்டைத் தள்ளிக் குழலின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தும். அதற்குப் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் வீங்கும், வெடிக்கவும் வெடிக்கும். இதன் மறுபக்கம் இன்னும் மோசம்: ஒரே உறையில் இரண்டு தடவை மருந்து. சிறிய அளவே தேவைப்படும் வேகமான மருந்து என்றால் இரண்டு மடங்கும் உறைக்குள் அடங்கிவிடும், வழிந்து காட்டிக் கொடுக்காது.

புதியவர் எந்தப் பிரஸ்ஸை வாங்குவது என்ற கேள்விக்கு என் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. புரோகிரசிவ் பிரஸ்ஸில் ஒரே இழுப்பில் நான்கைந்து காரியம் நடக்கும். ஏதோ ஒன்று சிக்கினால் நிறுத்தி, பின்னால் நகர்த்தி, சரிசெய்து, மறுபடி இழுப்பீர்கள். அப்போதுதான் ஒரு உறைக்கு மருந்து விட்டுப்போகும், அல்லது இரண்டு தடவை விழும். பழகின கைக்கு எங்கே நின்றோம் என்பது தெரியும். புதுக் கைக்குத் தெரியாது. ஒற்றை நிலையில் ஐம்பது உறையையும் துளைப் பலகையில் வரிசையாக நிறுத்தி, மருந்து கொட்டி முடித்துவிட்டு, குண்டு வைக்கும் முன் எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்க்கலாம்.

நாங்கள் அப்படித்தான் செய்தோம். நான் மில் பழக்கத்தில் டார்ச்சை மேலிருந்து காட்டாமல் சாய்த்துக் காட்டினேன். எல்லா உறையிலும் மருந்து மட்டம் ஒரே உயரத்தில் சாம்பல் நிறமாகத் தெரிந்தது. நாலாவது வரிசையில் ஒன்றில் மட்டும் அடியில் பித்தளை பளபளத்தது. மருமகன் அந்த நேரம் ஒரு ஃபோனை எடுத்துப் பேசினார் என்பது எனக்கு ஞாபகம் இருந்தது, அவருக்கு இல்லை. சந்தேகம் வந்தால் எண்ணிப் பார்க்காதீர்கள், அந்தப் பலகை முழுவதையும் டப்பாவில் கொட்டி முதலிலிருந்து தொடங்குங்கள். மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பா மட்டும் இருக்கட்டும். எவ்வளவு மருந்து என்பதை நான் சொல்ல மாட்டேன், நண்பர் சொன்னாலும் கேட்காதீர்கள். மருந்து, குண்டு தயாரிப்பாளர்கள் வெளியிடும் அட்டவணையில் ஆரம்ப அளவு இருக்கும், அங்கிருந்து தொடங்குங்கள்.

அறிகுறி: டை மரையில் ஏறவில்லை

இன்று விற்கும் பெரும்பாலான பிரஸ்ஸும் டையும் எட்டில் ஏழு அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 மரை. மெட்ரிக் கைக்கு எம்22 மாதிரித் தெரியும், ஆனால் ஏறாது. விட்டம் 22.2 மில்லி, மரை இடைவெளி 1.8 மில்லி. பழைய சாமான் வாங்கும்போது இதைக் கேளுங்கள். டில்லனின் ஸ்கொயர் டீல் பி தனக்கென்று தனி டை வைத்திருக்கும், மற்றது சேராது. ஷாட்கன் தோட்டாவுக்கு பிரஸ்ஸே தனி இனம், மெக் கம்பெனியின் பிரஸ் போல. இரண்டையும் ஒன்றில் செய்யலாம் என்று யாராவது விற்க வந்தால் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

அறிகுறி: தோள் வலிக்கிறது, எண்ணிக்கை ஏறவில்லை

பிரஸ்ஸை உண்மையாகவே மாற்ற வேண்டிய குறை இதுதான் என்றேனே. கணக்குப் போடுங்கள். ஒன்பது மில்லி தோட்டாவுக்கு ஒற்றை நிலைப் பிரஸ்ஸில் நெருக்க ஒன்று, வாயை விரிக்க ஒன்று, குண்டு வைக்க ஒன்று, இறுக்க ஒன்று, ஆக நான்கு இழுப்பு. நூறு தோட்டாவுக்கு நானூறு. மாதம் நூறு சுடுகிறவருக்கு அது ஒரு சாயங்கால வேலை. வாரம் முந்நூறு சுடுகிறவருக்கு அது தண்டனை.

அவருக்கு டரெட் நல்ல நடுவழி. இழுப்பு நானூறுதான், ஆனால் டையைக் கழற்றி மாட்டி மறுபடி அளவு பார்க்கும் தொல்லை இல்லை, ஒவ்வொரு உறையையும் நான்கு தடவை எடுத்து வைக்கவும் வேண்டாம். தலையைத் திருப்பாமல் ஒரே டையில் வைத்துக்கொண்டால் ஒற்றை நிலையாகவும் ஓட்டலாம். கற்றுக்கொள்ளும் காலத்துக்கு அது வசதி. ரைபிள் மட்டும், அதுவும் துல்லியத்துக்காகக் கொஞ்சமாகச் செய்கிறவருக்கு ஒற்றை நிலை 'ஓ' சட்டமே போதும், ஆயுசுக்கும்.

மருமகன் அந்த 'தப்பான' பிரஸ்ஸை இன்னும் வைத்திருக்கிறார். போன வாரம் பக்கத்தில் ஒரு டரெட்டும் வந்துவிட்டதாக ஃபோட்டோ அனுப்பினார். படத்தில் நான் முதலில் பார்த்தது மேசையின் காலைத்தான். மூலையில்தான் மாட்டியிருந்தார். வாஷர் மட்டும் சிறியது.